கழுவிக் கொடுத்த கணினி

1. கோயில் கமிட்டி எனக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தது.
2. பல்கலைக்கழகப் பாடத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் அதில் நிறுவினேன்.
3. திருவிழாவுக்கென்று கமிட்டி அதைத் திருப்பிக் கேட்டது. உள்ளே இருந்தவற்றோடு கொடுத்தேன்.
4. பெரியப்பா அதைக் கழுவினார்.
5. கழுவியதற்குள் திருவிழாவை நிரப்பி என்னிடம் திரும்பக் கொடுத்தார்.
6. பாடத்துக்கு இடம் இல்லாமல் போனது. இடம் உண்டாக்கினேன்.
7. அதன் பிறகு கோயில் சாமான் அறை எங்கள் வீட்டுக்குத் திறக்கப்படவில்லை.

நான்காவது வரி வெளியாட்களுக்கு விளங்காது. அதனால் சாமான் அறையிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகும் பக்கம் இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே அண்டாக்கள், கரண்டிகள், பிளாஸ்டிக் கதிரைகள், லவுட் ஸ்பீக்கர், பெரிய நீலத் தார்ப்பாய் இரண்டு. எல்லாம் தோட்டத்து ஆட்களின் சந்தாவில் வாங்கியவை. கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் அந்த அறை திறந்தால்தான் ஒரு வீட்டில் காரியம் நடக்கும். லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவில் நாற்பது பேருக்குச் சோறு வடிக்கும் பாத்திரம் யாரிடமும் கிடையாது. மழை பெய்தால் வந்தவர்கள் ஒதுங்க முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையும் போதாது.

வாங்கிப் போனவர்கள் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, கவிழ்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுச் சாப்பாட்டின் மிச்சம் அடுத்த வீட்டு அடுப்புக்குப் போகக் கூடாது. அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் அறைக்குப் பொறுப்பானவர் தானே கழுவுவார். பிறகு கமிட்டிக் கூட்டத்தில் அந்த வீட்டின் பெயரைச் சொல்லுவார். கீழ் லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பருப்பு வீடு என்று பெயர். காய்ந்த பருப்போடு அண்டாவைத் திருப்பிக் கொடுத்த அம்மா செத்தே போய்விட்டார். பேரப்பிள்ளைகள் இன்னும் பருப்பு வீட்டுப் பிள்ளைகள்தான்.

அறையின் சாவி பெரியப்பாவிடம் இருந்தது. என் அப்பாவின் பெரியப்பா மகன் அவர். கோயில் கமிட்டியின் பொருளாளர். அம்மா கொழுந்து எடுக்கும் கூட்டத்துக்குக் கங்காணியும் அவர்தான். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டில் அம்மா அவர் முன்னால் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பா அவர் முன்னால் நிற்பார்.

எனக்குக் கணினி விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தபோது கமிட்டி ஒரு கூட்டம் வைத்தது. மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். மடிக்கணினிப் பெட்டிக்குக் குங்குமம் வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பெரியப்பா மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது இந்தப் புள்ளைக்குச் சொந்தமில்ல. கோயிலுக்குச் சொந்தம். நம்ம அண்டா எப்படியோ அப்படித்தான் இதுவும். கேட்டா வரணும். வந்தா சுத்தமா வரணும். என்னம்மா, சரிதானே?"

"சரிங்க பெரியப்பா" என்றேன். கூட்டம் கைதட்டியது.

அடுத்து அவருடைய அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் அவரைப் பெரிய தாத்தா என்போம். வயசாளி, கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. மைக்கில் அவர் சொன்னது இது: "படிச்சுப்புட்டு எங்களையெல்லாம் மறந்துறாத. மறந்தா என்னா, லெப்டொப்ப புடுங்கிக்குவோம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அது பகிடியாகத்தான் இருந்தது.

இனி இரண்டாவது வரி. நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் முன், அந்த நிரல் ஓடுவதற்கான இடத்தை ஒவ்வொரு மாணவரும் தன் கணினியில் தயார் செய்ய வேண்டும். எங்கள் பாடத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான இடம் வேண்டுமென்று ஒரு மெய்நிகர் கணினியைக் கொடுத்தார்கள். அதாவது, நம் கணினிக்குள் இன்னொரு கணினி, லினக்ஸில் ஓடும். அதற்குள் கம்பைலர், எடிட்டர், பைத்தான், அதன் நூலகங்கள். மிகப் பெரிய கோப்பு. விரித்துவிட்டால் இன்னும் பெரியது. கெம்பஸ் வைஃபையில் ஒரு பகல் முழுக்க இறக்கி, பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்து முடித்தேன். கறுப்புத் திரையில் முதல் வரி ஓடியபோது பக்கத்தில் இருந்த மாணவி, "உன்னுடையது ஓடுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தன் கணினியை என் பக்கம் நகர்த்தினாள். அந்த வாரம் ஏழெட்டுப் பேருக்கு நான்தான் நிறுவிக் கொடுத்தேன். அதைச் சொல்லக் காரணம் பின்னால் வரும்.

பாடத்துக்கு ஒரு நுழைவுச் சோதனை வைத்திருந்தார்கள். சித்திரை விடுமுறை முடிந்த முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். அது கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்று தானே பார்த்துப் பல்கலைக்கழகச் சர்வருக்கு அனுப்பும். எல்லா வரியும் பச்சையாக வந்தால் செயன்முறைக் குழுவில் இடம். ஒரு வரி சிவப்பானாலும் இடமில்லை. செயன்முறை இல்லையென்றால் பாடத்தை அடுத்த வருடம் ரிப்பீட் எடுக்க வேண்டும். ரிப்பீட் எடுத்தவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தப் பாடத்தில் சி-க்கு மேல் கிடையாது. முதல் வருடத்தின் அடிப்படைப் பாடத்தில் சி எடுத்தவளுக்குச் சிறப்புப் பட்டத்தில் இடம் கிடைப்பதும் சந்தேகம்தான்.

சோதனையை முன்கூட்டியே செய்ய முடியாது. விடுமுறையின் கடைசி வாரத்தில்தான் அந்தக் கட்டளையைத் திறந்துவிடுவார்கள்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்றே பெரியப்பா ஆள் அனுப்பினார். நோட்டீஸ் அடிக்க, பாட்டுப் போட, வீடியோ ஏற்ற லெப்டொப் வேண்டுமாம். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பெரியப்பா, உள்ளுக்கு என் படிப்பு சாமான் இருக்கு. அதுல மட்டும் கை வைக்காதீங்க. பாட்டு போடுறதுக்கு, நோட்டீஸ் எழுதுறதுக்கு எல்லாம் முன்னாலேயே இருக்கு" என்று திறந்து காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த கமிட்டி ஆட்களையும் பார்த்தார்.

"உள்ளுக்குச் சாமான வச்சுக்கிட்டா கொண்டாந்து குடுக்குற?"

"அத எடுக்க ஏலாதுங்க. எடுத்தா திரும்பப் போட பெரிய வேல."

"பார்த்தீங்களா" என்று அவர்கள் பக்கம் திரும்பினார். "சோத்தோட கொண்டாந்து வச்சிருச்சு அண்டாவ."

சிரித்தார்கள். நான் இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தேன். பொதுச் சாமானை ஒருவர் உள்ளே எதையோ வைத்துக்கொண்டு கொடுப்பது அவர்களுக்கு விளங்கவே இல்லை என்பதை அப்போது கவனித்திருக்க வேண்டும். எனக்கும் அவர்கள் கழுவுவார்கள் என்று தோன்றவில்லை. கணினியை யாரும் கழுவ மாட்டார்கள்.

மறுநாளே அவர் அதை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய், "உள்ளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது தம்பி, சுத்தமா எடுத்துரு" என்றிருக்கிறார். கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி, வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெரியப்பாவும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். கூட்டத்தில் அவர் என் அப்பாவின் பெயரைச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. எச்சிலோடு கொடுத்த வீடு.

திருவிழா நடந்தது. தேர், தீமிதி, அன்னதானம். வீடியோக்காரர் எடுத்ததையெல்லாம் மடிக்கணினியில் கொட்டிவிட்டு, தன் கார்டுகளை அழித்துக்கொண்டு அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். திருவிழா முடிந்து, புத்தாண்டுக்குக் கடைகளெல்லாம் மூடிய பிறகு, மடிக்கணினி எங்கள் இஸ்தோப்புக்கு வந்தது. பெரியப்பாவே கொண்டுவந்தார்.

திறந்தேன். என்னுடையது ஒன்றும் இல்லை. டிஸ்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. எல்லாம் வீடியோ.

நான் எழுதிய விடைகள் பல்கலைக்கழகச் சர்வரில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஓட்டும் இடம்தான் போயிருந்தது. மறுபடி இறக்கி விரிப்பதற்கு டிஸ்க்கில் பெரும்பகுதி காலியாக வேண்டும்.

"பெரியப்பா, நான் சொன்னேன்லீங்க."

"சுத்தமா வரணும்னு நானும் சொன்னேன்ல."

"சரிங்க. இப்ப நீங்க குடுக்குறப்ப உள்ளுக்குச் சாமான் இருக்கே. உங்க அண்டாலயும் சோறு இருக்குல்ல. இத எடுத்தாத்தான் என் சாமான் கொள்ளும்."

அப்பா என் பின்னால் நின்றார். அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

பெரியப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "அது சோறு இல்ல. பிரசாதம். உன்னுது எச்சில், இது பிரசாதம். அதக் கழுவுவாங்களா?" பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ஏன்டா தம்பி, இதத்தான் கெம்பஸ்ல சொல்லிக் குடுக்குறாங்களா?"

"சின்னப் புள்ளைங்க அண்ணே, தெரியாம பேசிருச்சு" என்றார் அப்பா.

நான் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததை ஐந்து வரியில் எழுதி, இரண்டு நாள் கூடுதல் கேட்டேன். பதில் விரைவாகவே வந்தது. எல்லாருக்கும் ஒரே கால அளவுதான் கொடுக்கப்பட்டது. தன் கணினியைப் பாதுகாப்பது மாணவரின் பொறுப்பு. அவ்வளவுதான். மரியாதையான கடிதம்.

வகுப்புக் குழுவிலும் கேட்டேன். நுவரெலியா, ஹட்டன் பக்கம் யாரிடமாவது வெளி ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, நானே பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். கோயிலில் அழித்துவிட்டார்கள் என்றேன். அண்டாக் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அண்டா என்றால் என்னவென்று சிங்கள மாணவர்களுக்கு விளக்கியவன் ஒரு தமிழ் மாணவன். ஒரு மணி நேரத்துக்குள் குழுவின் படம் மாறி, ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் வந்து உட்கார்ந்தது. நான் நிறுவிக் கொடுத்த ஏழெட்டுப் பேரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் யாரிடமும் இல்லை.

அன்று மாலை அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி, பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"என்னம்மா, மக கம்ப்யூட்டர்ல சாமிய அழிக்கப் போவுதாமே."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"இல்ல, அழிக்கட்டும். நம்ம சந்தா தானே, நம்ம சாமி தானே. அதுக்கு என்னா வந்துச்சு. உன் குடத்த கொஞ்சம் தள்ளு, எச்சித் தண்ணி என் குடத்துல தெறிக்கும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள் என்று அம்மா சொன்னார். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள்தான்.

இருந்த வழிகளை எழுதிப் பார்த்தேன்.

வீடியோவை இணையத்தில் ஏற்றுவது: எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும் வரும். இறக்கவே தடுமாறும் இணைப்பு; அவ்வளவு வீடியோவை ஏற்ற வாரங்கள் பிடிக்கும்.

வெட்டிச் சுருக்குவது: அதற்கும் டிஸ்க்கில் காலி இடம் வேண்டும். அந்தக் கணினியின் வேகத்துக்கு நாட்கணக்கில் ஓடும்.

வேறு எதிலாவது நகல் எடுப்பது: என்னிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. என் போன், தங்கையின் போன். கடைகள் மூடியிருந்தன.

மூன்றாவதைச் செய்தேன். தேர், தீமிதி, அன்னதானம், பிள்ளைகளின் நடனம், பால்குடம் எல்லாம் துண்டு துண்டான கோப்புகள். ஒன்றுவிடாமல் பென் டிரைவிலும் இரண்டு போன்களிலும் பிரித்து ஏற்றினேன். தங்கை தன் போனில் இருந்த படங்களையெல்லாம் அழித்து இடம் கொடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு கோப்பு மீந்தது. முதல் நாள் மேடைக்கு எதிரே கமராவை நிறுத்திவைத்து, அணைக்காமலே எடுத்தது. காலையிலிருந்து மாலை வரை ஒரே துண்டு. டிஸ்க்கில் பாதி அதுதான். பென் டிரைவ் காலியாக இருந்திருந்தாலும் அதில் கொள்ளாது.

ஓட்டிப் பார்த்தேன். வெறும் கதிரைகள், மைக் சோதனை, நாய் ஒன்று மேடையில் ஏறி இறங்குகிறது. வெகுநேரம் கழித்துப் பெரிய தாத்தா வருகிறார். தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். தான் சின்ன வயதில் அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்ததைச் சொல்கிறார். ஒரு இடத்தில் என்னைப் பற்றியும் சொல்கிறார்: "லெப்டொப்ப கழுவாம குடுத்துச்சாம். நல்ல வீட்டுப் புள்ளயா இருந்தா இப்படிச் செய்யுமா?" கூட்டம் சிரிக்கிறது. கமரா அசையாமல் நிற்கிறது.

விடுமுறையின் கடைசி நாள் காலை அப்பாவோடு தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் போனேன். மழைத் தூறல். அப்பா குடையை மடிக்கணினிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். அப்பாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பெரியப்பா, எல்லாத்தையும் வேற எடத்துல மாத்திட்டேன். முதல் நாள் மேடை வீடியோ மட்டும் எங்கயும் கொள்ளல. பெரிய தாத்தா பேசுறது அதுலதான் இருக்கு. யார்கிட்டயாச்சும் பெரிய டிஸ்க் இருந்தா இன்னைக்குப் பகலுக்குள்ள குடுத்தனுப்புங்க. கடைக்காரரு வீட்டக் கேட்டுப் பாருங்க, அவர்கிட்ட இருக்கும். இல்லாட்டி நான் அத அழிக்கணும்."

அவர் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"நீ அழிப்ப?"

"ஆமாங்க. பகலுக்கு அப்புறம்."

"உங்கப்பன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காங்க."

"அப்ப அவனும் கேட்டுக்கட்டும். நான் எவன் வீட்டுக்கும் போயி நிக்க மாட்டேன். தொட்டுப் பாரு. தொட்டுட்டு இந்தத் தோட்டத்துல இருந்து பாரு." வைத்துவிட்டார்.

அப்பா குடையைக் கை மாற்றினார். "வுட்டுரும்மா. அடுத்த வருசம் செஞ்சுக்க. ஒரு வருசம் தானே. அம்மா அவங்க கூட்டத்துல இருக்கா."

"அடுத்த வருசம் செஞ்சா சி தான்ப்பா."

"சி-ன்னா பாஸ் தானே."

அவருக்கு விளக்கினேன். நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கு வெளங்கல. ஆனா நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பகல் வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கடைக்காரரின் வீட்டுக்கு நானே போயிருக்கலாம் என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. பெரியப்பா போனை வைத்த பிறகு விசாரித்தேன், கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி தொட்டி வளைவுக்குப் போய் அந்தக் கோப்பைத் தெரிவுசெய்தேன். குப்பைத் தொட்டிக்கு அனுப்பவா என்று கணினி கேட்டது. அது பெரிய கோப்பு என்பதால் நிரந்தரமாக அழியும் என்றும் சொன்னது. ஆம் என்றேன். அப்பா குடைக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்தது வெறும் வேலை. முந்தைய முறை எங்கெங்கே பிழை வந்தது என்று நினைவிருந்ததால் இந்த முறை அங்கெல்லாம் தடுக்கவில்லை. இறக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி கட்டளை கொடுத்தேன். பற்றரி இறங்கியபோது லயத்துக்கு ஓடி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். மறுநாள் காலை, அம்மா பெரட்டுக்குப் போன பிறகு, விரித்த மெய்நிகர் கணினியைத் தொட்டி வளைவுக்குக் கொண்டுபோய்ச் சோதனைக் கட்டளையைத் தட்டினேன். கம்பைலர் பச்சை. எடிட்டர் பச்சை. பைத்தான் பச்சை. ஒரு நூலகம் சிவப்பு. அதன் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பச்சை. சர்வர் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

நான் கெம்பஸ் திரும்பியதும் செயன்முறைக் குழுவில் என் பெயர் இருந்தது. பாத்திரப் படம் குழுவில் அப்படியே இருந்தது. பாடம் முடியும்வரை யாரும் அதை மாற்றவில்லை.

வைகாசி பிறந்து சில நாட்களில் பெரிய தாத்தா இறந்துபோனார். தூக்கத்தில். பதினாறாம் நாள் காரியத்துக்கு, கோயில் முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அவர் பேசியதைப் பெரிதாகப் போட்டுக் காட்டப் பெரியப்பா ஏற்பாடு செய்தார். கண்டியிலிருந்து புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. அதன் பிறகுதான் என்னிடம் லெப்டொப் கேட்டு ஆள் வந்தது. ஒரு நாளும் அவர் அதை நம்பவில்லை போலிருக்கிறது. அழிப்பேன் என்று நான் சொன்னது அவருக்கு ஒரு பொம்பளைப் பிள்ளையின் பேச்சு.

அழித்துவிட்டேன் என்று சொல்லியனுப்பினேன். கமிட்டி கூடியது. நான் பென் டிரைவோடு வந்தேன். தேரைக் காட்டினேன், தீமிதியைக் காட்டினேன். பெரிய தாத்தா ஓரமாக நிற்கும் ஒரு துண்டு இருந்தது. சத்தம் இல்லை, மேளம்தான் கேட்டது. பெரியப்பா அதை இரண்டு தரம் போடச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. அந்த நேரம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அது அவர் வாயைத் திறக்கும் வரைதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச்சா இந்தப் புள்ள? ஒரு வார்த்த? எங்கப்பாரு அதுல இருக்காருன்னு சொல்லியிருந்தா நான் தலைய அடமானம் வச்சாச்சும் டிஸ்க் வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நான் போன் எடுத்துச் சொன்னேனுங்க பெரியப்பா. பெரிய தாத்தா பேசுறது அதுலதான் இருக்குன்னே சொன்னேன்."

"எப்ப? யாரு கேட்டா?"

"அப்பா கேட்டாங்க. பக்கத்துல தான் இருந்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டேன்."

எல்லாரும் அப்பாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கதிரைகள் காலியாக இருந்தன, அவர் உட்காரவில்லை. கமிட்டித் தலைவர் கேட்டார்: "சொல்லு தம்பி. புள்ள போன்ல சொன்னிச்சா?"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"மழையா இருந்துச்சுங்க" என்றார். "கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். நான் கவனிக்கலீங்க."

கூட்டம் அதோடு முடிந்தது. தண்டம் எதுவும் போடவில்லை. திட்டவும் இல்லை. சாமான் அறை எங்கள் வீட்டுக்கு இல்லை என்று தலைவர் சொன்னார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியப்பா எழுந்துபோனார். நான் மடிக்கணினியை அன்றே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய நாளில் இருந்த மாதிரி ஆக்கி, திரையைத் துணியால் துடைத்து, மூடிக் கொடுத்தேன். செயன்முறைக் குழுவில் இடம் கிடைத்தவர்களுக்கு ஆய்வகக் கணினிகள் திறந்திருந்ததால் அதன் பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகும் பாதையில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். லயத்துக்குக் கிட்டே வந்ததும் திரும்பாமலே சொன்னார்: "அம்மா நாளைக்கு மலைக்குப் போகணும்ல."

அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனார். தோட்டத்து ஓரத்தில், கொழுந்து குறைவாக முளைக்கும் நிரையை அவருக்குக் கொடுத்தார்கள். அப்பா கவனிக்காமல் இருந்ததில் எங்களுக்கு எதுவும் மிச்சமாகவில்லை.

தங்கை வயதுக்கு வந்தபோதுதான் சாமான் அறை மூடியிருப்பதன் பொருள் முழுக்கப் புரிந்தது. சடங்குக்கு வீட்டுப் பானைகளிலேயே நாலைந்து தடவையாகச் சோறு வடித்தோம். முதல் பானை ஆறிப்போனது; கடைசிப் பானை வேகவில்லை. வந்தவர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். கமிட்டி ஆட்கள் வரவில்லை. பெரியம்மா மட்டும் வந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கம்ப்யூட்டர்ல சோறு வடிக்க ஏலாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கை புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். திருவிழா வீடியோவுக்காக அவள் தன் போனில் அழித்த படங்களைப் பற்றி நான் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. அவளும் பேசவில்லை.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்றார்கள். மலை ஏறாமல் எங்கள் லயத்துக்கு வர வழியில்லை.

எனக்குக் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியவற்றில் ஒன்று தார்ப்பாய். சாமான் அறையில் இருப்பது போலவே நீல நிறம், கனமான ரகம், ஓரத்தில் பித்தளை வளையங்கள். இஸ்தோப்பிலிருந்து பாதை வரை மூடும். பஸ்ஸில் கொண்டுவருவது சிரமமாக இருந்தது. வீட்டில் இறக்கியதும் அப்பா அதன் ஒரு மூலையைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னத்துக்கும்மா இது?"

"தேவைப்படும்ப்பா."

அந்த மூலையைப் பிடித்துக்கொண்டே, மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார். ஒழுகாது, கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றேன். பழைய மடிப்பிலேயே சரியாக மடித்து, தானே தள்ளி வைத்தார்.

இப்போதைய நிலை இது. அந்தப் பாடத்தில் எனக்கு ஏ. சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். அம்மா இன்னும் ஓரத்து நிரையில் கொழுந்து எடுக்கிறார். கோயில் மடிக்கணினி சாமான் அறையில், துணி சுற்றி, பெரிய அண்டாவுக்குள் இருக்கிறதாம். அதற்குப் பின் படிக்கப் போன பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. பெரியப்பா என்னைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போகிறார். தார்ப்பாய் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.